‘இல்லை’ என்று டிக் அடிக்கும் முன்

கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருக்கும் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வட்டாரத்துப் பெரியவர்களுக்கும், அவர்களை வழியனுப்பி வைக்கப் போகும் பிள்ளைகளுக்கும்,



நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்து உட்காரும் பெஞ்சுகளில் முன்பெல்லாம் காசி, பத்ரிநாத் என்றுதான் பேச்சு ஓடும். இப்போது “பால்கனி ரூமா, உள் ரூமா?” என்கிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுவிட்டு நான்கைந்து இரவில் திரும்பும் பயணம் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகிவிட்டது. சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் எம்ப்ரஸ் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி அதே கப்பல் இங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கே போனது. சந்தோஷமான விஷயம். போய் வாருங்கள்.

ஏற்பாட்டாளர்கள் நடத்தும் விளக்கக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். தயிர் சாதம் கிடைக்குமா, வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைப்பார்களா என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். அதில் தப்பில்லை, எனக்கும் அந்தக் கவலை உண்டு. பிறகு விசா, பெட்டி எடை, மாற்று நாணயம். எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் கடைசியாக ஒரு வரி வரும்: “ஏறும்போது ஹெல்த் ஃபார்ம் ஒண்ணு கொடுப்பா. அது ஒண்ணுமில்லை, எல்லாத்துக்கும் ‘நோ’ன்னு போட்டுடுங்கோ.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

படிவத்தில் இருப்பது சில கேள்விகள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, கடந்த சில நாட்களில் வாந்தி பேதி இருந்ததா, சமீபத்தில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள். இது கப்பல் கம்பெனி தன் கோப்பை நிரப்புவதற்காகக் கேட்பது என்று நாம் நினைக்கிறோம். இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைய விரும்பும் கப்பலின் கேப்டன், கேட்கும் துறைமுகத்தில் கடல்வழி சுகாதார அறிவிப்பு ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கப்பலில் மருத்துவர் இருந்தால் அவரும் கையெழுத்துப் போடுவார். விபத்து தவிர வேறு காரணத்தால் யாராவது இறந்தார்களா, தொற்றுநோய் என்று சந்தேகப்படும்படி யாராவது இருக்கிறார்களா, நோய்ப்பட்டவர்கள் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடுதலா என்று அதில் கேட்டிருக்கும். அதைப் பார்த்துத் துறைமுக சுகாதார அதிகாரி தடையில்லை என்று சொன்ன பிறகுதான் பயணிகள் கரையில் கால் வைக்கலாம். நம் சென்னைத் துறைமுகத்துக்கும் அப்படி ஒரு சுகாதார அலுவலகம் மத்திய அரசின் கீழ் இருக்கிறது. கப்பல் ஏற்றும் மஞ்சள் கொடியை நோய்க்கொடி என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய வழக்கில் அதற்கு, எங்கள் கப்பல் நலமாக இருக்கிறது, உள்ளே வர அனுமதி தாருங்கள் என்று பொருள். நீங்கள் போடும் ‘நோ’ அந்தக் கொடி வரைக்கும் போகிறது.

போய் என்ன ஆகும் என்பதற்கு நாம் எல்லோரும் டிவியில் பார்த்த கதை ஒன்று உண்டு. 2020 ஜனவரி 20ஆம் தேதி ஜப்பானின் யோகஹாமாவிலிருந்து டைமண்ட் பிரின்சஸ் கிளம்பியது. அதில் ஏறிய 80 வயதுப் பயணி ஒருவருக்கு முந்தின நாளே இருமல் தொடங்கியிருந்தது. அவர் கப்பல் மருத்துவரிடம் போகவில்லை. 25ஆம் தேதி ஹாங்காங்கில் இறங்கிக்கொண்டார். பிப்ரவரி 1 அன்று அவருக்குக் கொரோனா என்று உறுதியானது. கப்பல் யோகஹாமாவுக்குத் திரும்பியது 3ஆம் தேதி. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னது 5ஆம் தேதி. அதுவரை பஃபேயும் ஆட்டம் பாட்டமும் நடந்துகொண்டுதான் இருந்தன. 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. அந்தப் பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரண இருமல் என்று நினைத்திருப்பார், அந்த நோய்க்கு உலகம் அப்போது பெயர்கூட வைத்திருக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர். அவர்களில் பயணிகள் ஆறே பேர், மற்ற 132 பேரும் ஊழியர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், காப்பாற்றச் சொல்லி அவர்கள் அனுப்பிய வீடியோக்கள் நம் செய்திச் சேனல்களில் ஓடின. பயணிகளைத்தான் அறைக்குள் அடைத்தார்கள். ஊழியர்கள் சமைத்தார்கள், சாப்பாட்டைக் கதவு கதவாகக் கொண்டுபோய் வைத்தார்கள், ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, பகிர்ந்துகொண்ட சின்ன அறைகளில் தூங்கினார்கள். பிப்ரவரி 27 அன்று இந்தியர்கள் 119 பேரை விமானத்தில் டெல்லிக்கு அழைத்துவந்து, மானேசரில் ராணுவத்தின் முகாமில் தனித்து வைத்தார்கள். நாம் மறைக்கும் காய்ச்சலை முதலில் வாங்கிக்கொள்பவர் நம் அறையில் படுக்கை விரிக்கும் பையன்தான்.

இரண்டு வருஷம் கழித்து இதே போல நம் நாட்டிலேயே நடந்தது. 2022 புத்தாண்டுக்கு மும்பையிலிருந்து கோவாவுக்குப் போன எம்ப்ரஸில் ஊழியர் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்து, கப்பலில் இருந்த சுமார் இரண்டாயிரம் பேருக்கும் பரிசோதனை நடந்தது. 66 பேருக்குத் தொற்று. கப்பல் மும்பைக்கே திரும்பியது. ஐந்து மாதம் கழித்துச் சென்னையிலிருந்து கிளம்பியதும் இதே கப்பல்தான்.

கொரோனா போய்விட்டதே என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அவசரநிலையை முடித்துவைத்தது. இன்றைக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துக்கு மூக்கில் குச்சி விடும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆனால் 2024 பிப்ரவரியில், வயிற்றுக்கோளாறு கண்ட சிலர் இருந்ததால் காலராவாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், நார்வீஜியன் டான் கப்பலை போர்ட் லூயிஸில் கரை சேர விடவில்லை மொரீஷியஸ். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் கடலிலேயே இருந்தார்கள். மாதிரிகளைச் சோதித்து, காலரா இல்லை என்று உறுதியான பிறகு, 27ஆம் தேதிதான் இறங்கவிட்டார்கள். கரையிலிருந்து ஊர் திரும்ப விமானச் சீட்டு வாங்கி வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கப்பல்களுக்கு இப்போதும் பெரிய தலைவலி இந்த வயிற்றுக்கோளாறுதான், அதிலும் நோரோ வைரஸ். கிருமி உள்ளே போன 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் தானாகவே நின்றுவிடும். எண்பது வயதுக்காரருக்கு அந்த மூன்று நாளே அதிகம், உடம்பில் நீர் வற்றிவிடும். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி வந்தால் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அதைப் பெயரோடு வெளியிடுகிறது. நாம் கைப்பையில் வைத்திருக்கும் சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. பஃபே கரண்டியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவத்தான் வேண்டும். எச்சில், பத்து என்று பார்த்து வளர்ந்த நாம், ஆயிரம் பேர் பிடித்த கரண்டியைப் பிடித்த கையால் அப்படியே பூரியைப் பிய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் வரிசையில் எனக்கு முன்னால் மந்தைவெளித் தம்பதி ஒன்று. மாமாவுக்கு முந்தின நாள் கடைத்தெருச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, காலையில் ஒரு தரம் வயிறு போயிருக்கிறது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். குழுவோடு வந்த இளைஞர் குனிந்து, “நோ போட்டுடுங்கோ மாமா, ஏத்த மாட்டா, அப்புறம் எல்லாரும் வெயிட் பண்ணணும்” என்றார். மாமி பேனாவை வாங்கி ‘யெஸ்’ என்று போட்டுவிட்டார். அவரை ஓரமாக அழைத்துப் போனார்கள். ஒரு நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தார், எத்தனை தரம் போனது, வாந்தி உண்டா, கூட வந்தவர்களுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். கப்பல் சுகாதாரக் கணக்கில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தரமோ அதற்கு மேலோ போனால்தான் அது தொற்றுப் பேதி என்ற சந்தேகம் வரும். மறுபடி போனால் உடனே மருத்துவப் பிரிவைக் கூப்பிடச் சொல்லி ஏற்றிவிட்டார்கள். மொத்தமே பதினைந்து இருபது நிமிஷம். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை. வாந்தியோடும் காய்ச்சலோடும் வந்தவரை ஏற்றாமல் திருப்பி அனுப்பலாம், அறையிலேயே ஒன்றிரண்டு நாள் இருக்கச் சொல்லலாம்.

நாம் ஏன் மறைக்கிறோம்? பயத்தில் பாதி பணத்தைப் பற்றியது. பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பணம், அல்லது வைப்புநிதியை உடைத்து எடுத்த பணம். ஏறவிடவில்லை என்றால் மொத்தமும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மையில் இது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பவர்கள் உண்டு, பணத்தைத் திருப்புகிறவர்கள் உண்டு, கைவிரிப்பவர்களும் உண்டு. பயணக் காப்பீட்டிலும் புறப்படுவதற்கு முன் நோய்வாய்ப்பட்டு ரத்தானால் தருவது ஒரு பிரிவு, வெளிநாட்டில் மருத்துவச் செலவைத் தருவது வேறொரு பிரிவு. நம் ஊர் மெடிக்ளைம் பெரும்பாலும் கடல் தாண்டிச் செல்லாது. கப்பல் டாக்டரின் கட்டணம் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறிவிடும், கடைசி நாள் காலையில் பில்லைப் பார்த்துத்தான் தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காதீர்கள். அங்கே மறைத்தால் பிறகு பணம் வராது.

நம் தாத்தா காலத்தில் கடல் பயணிகளின் உடல்நலக் கேள்விகளை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்து, பிறகுதான் கடல் தாண்ட விட்டார்கள். அதே காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறிய முதல் வகுப்புக் கனவான்களுக்கு அந்தத் தங்கல் கிடையாது. ரஜுலா போன்ற கப்பல்கள் மதராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை மலாயாவுக்கு ஏற்றிப் போன காலத்தில், மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களைப் பினாங்கு அருகே ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இறக்கித் தனித்து வைத்தார்கள். இன்றைக்குப் பெரிய சூட் அறையில் போகிறவருக்கும் ஜன்னலில்லாத உள் அறையில் போகிறவருக்கும் ஒரே படிவம். இது நல்ல மாற்றம்.

சிலருக்கு மட்டும் ஒரு விஷயம். பிரேசில், பனாமா, கென்யா போன்ற நாடுகளைத் தொட்டு வரும் பயணம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் நகராதீர்கள். நம் ஊரில் அந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதனால்தான் இந்தியா இதில் இவ்வளவு கறார். ஊசிச் சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இங்கே வந்து இறங்கினால், ஆறு நாள் வரை தனித்து வைப்பார்கள். விமானம் மாறுவதற்காக அங்கே இறங்கி ஏறியதும் கணக்கில் வரும். கப்பலுக்கும் விதி உண்டு. கடந்த 30 நாளில் அப்படிப்பட்ட துறைமுகத்தைத் தொட்ட கப்பலில் கொசு ஒழிப்பு முறைப்படி நடந்திருக்க வேண்டும். சிங்கப்பூரும் இதே ஆறு நாள் கணக்கைப் பார்க்கிறது. நைரோபியில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு நேராகச் சிங்கப்பூர் போய்க் கப்பலேறத் திட்டம் போடும் அடையாறு தம்பதிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊசி போட கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 1899இல் தொடங்கியது, மதராஸ் மாகாணத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த கர்னல் கிங் பெயரில் இருப்பது, 2020இல் தமிழ்நாட்டில் முதலில் கொரோனா மாதிரிகளைச் சோதித்ததும் அங்கேதான். துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நினைத்த நாளில் போய் நிற்க முடியாது. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் ஆள் சேர்த்து, நாள் குறித்துத்தான் போடுவார்கள். முதலிலேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும், பத்து வருஷத்துக்கொரு முறை என்பது பழைய விதி. அறுபது தாண்டியவர்களுக்கு முதல் முறை போடும்போது பக்கவிளைவு ஆபத்து கூடுதல், முட்டை ஒவ்வாமை இருந்தாலும் போடக்கூடாது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் கிண்டிக்குக் கிளம்ப வேண்டாம். டாக்டர் கூடாது என்றால் விலக்குக் கடிதம் வாங்கலாம், அதை ஏற்பதா என்பது இறங்கும் நாட்டு அதிகாரியின் முடிவு. அப்படியானால் வேறு வழித்தடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

சான்றில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம் இனிஷியல் படுத்தும் பாடு தெரிந்ததுதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஊசிச் சான்றில் வெறும் ‘ஆர்.’ என்று இருக்கும், கப்பல் சீட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு மூன்றும் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும்? எழுதுகிறவர் முன்னாலேயே பாஸ்போர்ட்டை வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மருந்துகளுக்கும் அதே கவனம். ‘டோலோ’ என்று சொன்னால் பிலிப்பைன்ஸ் நர்ஸுக்குப் புரியாது, பாராசிட்டமால் என்றால் புரியும். எல்லா மாத்திரைகளின் மூலப்பெயரையும் அளவையும் தட்டச்சில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த மருந்துகளுக்கும் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், ஏறும் நாளில் பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். கர்ப்பமாக இருக்கும் மகளையோ மருமகளையோ அழைத்துப் போவதாக இருந்தால், பல கப்பல்கள் 24 வாரம் ஆனவர்களை ஏற்றுவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். உடல்நல அறிவிப்பும் அதிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. கப்பல் வேறு நாட்டைத் தொட்டுவிட்டு மறுபடி சிங்கப்பூர் வரும்போது மறுபடியும் நிரப்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடல் நடுவில் இணையம் காசு கொடுத்து வாங்க வேண்டியது, நிரப்பத் தெரிந்த பேரன் சென்னையில் இருப்பான். விசாவும் ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் போதாது. தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இணையவழி வருகை அட்டை கேட்கிறது.

இவையெல்லாம் நாளைக்கே மாறலாம். 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர், தாய்லாந்து உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து இந்தியா வருவோர், கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் முடிவோடு வர வேண்டும் என்று நம் அரசே திடீரென்று சொன்னது. டிசம்பர் கடைசியில் கப்பலில் இருந்தவர்களுக்குப் பெரிய சிக்கல். நான்கு இரவு கடலில், இறங்கிய அன்றே விமானம் என்றால் சோதனை எங்கே எடுப்பது, முடிவு எப்போது வரும்? பிப்ரவரி 13 அன்று அந்த விதி போய்விட்டது. அதனால் கப்பலிலிருந்து இறங்கும் அன்றைக்கே திரும்பும் விமானம் போடாதீர்கள். ஒரு நாள் லிட்டில் இந்தியாவில் தங்கி, கோமளவிலாஸில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

அடுத்த விளக்கக் கூட்டத்தில் தயிர் சாதம் பற்றிக் கேட்டு முடித்ததும், ஏற்பாட்டாளரிடம் இதையும் கேளுங்கள்: உடம்பு சரியில்லை என்று நாங்கள் உண்மையைச் சொல்லி, கப்பலில் ஏற்றவில்லை என்றால் எவ்வளவு திரும்ப வரும், யார் தருவார்கள், எத்தனை நாளில்? எங்கள் குழுவில் ஒருவர் பின்தங்கினால் அவரோடு சிங்கப்பூரில் யார் இருப்பார்கள்? வாய்வார்த்தையாக வேண்டாம், ரசீதின் பின்பக்கமாவது எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். பாண்டி பஜாரிலேயே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்களோடு வரிசையில் நிற்கும் ஒரு மயிலாப்பூர்வாசி